பங்கசு நொதியத்தின் பீஎச் எல்லையை மாற்றுவது எப்படி: தவிட்டையும் பைற்றேசையும் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

நொதியம் ஒன்றின் பீஎச் நடத்தையை மாற்ற வேண்டும் என்று ஆய்வுகூடத்துக்கு வரும் பிள்ளைகள் முதல் நாளே கேட்பது ஒரே கேள்விதான்: எந்த அமினோ அமிலத்தை மாற்றலாம்? அது ஐந்தாவது படியில் வர வேண்டிய கேள்வி. முதல் நான்கையும் தாண்டிக் குதித்தவர்கள், விகாரங்களை (அமினோ அமிலம் மாற்றிய நொதிய வடிவங்களை) செய்து முடித்த பிறகு, நொதியம் மாறியதா அல்லது பீஎச்சை நிலையாக வைக்கும் தாங்கற் கரைசல்தான் மாறியதா என்று சொல்ல முடியாமல் நிற்பார்கள். ஆகவே இங்கே வரிசைதான் முக்கியம்.

உதாரணத்துக்கு அசுபெர்ஜிலஸ் நைஜர் என்ற பங்கசின் பைற்றேசை எடுத்திருக்கிறேன். காரணம் வன்னியில் எல்லோருக்கும் தெரிந்தது: பெரும்போக அறுவடை முடிந்தால் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆலைகளில் தவிடு குவியும், அதில் நல்ல பங்கு கோழித் தீனிக்குப் போகும். தவிட்டில் உள்ள பொசுபரசில் பெரும்பகுதி பைற்றேற்று என்ற வடிவில் பூட்டப்பட்டிருக்கிறது. அதை உடைக்கப் போதுமான நொதியம் கோழியின் குடலில் இல்லை, அதனால் அதை உடைக்கும் பைற்றேசை வெளியிலிருந்து சேர்க்கிறார்கள். சைலனேஸ், செலுலேஸ், லக்கேஸ் என்று உங்கள் நொதியம் வேறாக இருந்தாலும் படிகள் இவைதான்.

தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை

நல்ல பீஎச் மானி ஒன்று. அமிலப் பக்கம் வேலை என்பதால் 4.01, 7.00 ஆகிய இரண்டு அளவுதிருத்தக் கரைசல்களோடு 1.68 கரைசலும் வேண்டும். 4க்குக் கீழே திருத்தாத மானி பீஎச் 2.5 என்று காட்டுவதை நம்ப வேண்டாம்.

அயனகற்றிய நீர். குழாய்க்கிணற்று நீரை ஒருமுறை வடித்துவிட்டு வேலையைத் தொடங்காதீர்கள். உலர் வலய நிலத்தடி நீரில் கல்சியம் அதிகம். பைற்றேற்று கல்சியத்தோடு சேர்ந்து நடுநிலைக்குக் கிட்டிய பீஎச்சில் வீழ்படிவாகிவிடும். நொதியம் வேலை செய்யவில்லை என்று நீங்கள் எழுதுவீர்கள், ஆனால் கீழ்ப்படை (நொதியம் தாக்கும் பொருள், இங்கே பைற்றேற்று) குழாயின் அடியில் வெள்ளையாக இருக்கும்.

குளிரூட்டும் வசதியுள்ள ஷேக்கர், பீசீஆர் கருவி, ஒளியுறிஞ்சலை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீற்றர், உறைநிலைப் பெட்டி. பெட்டிக்குக் கறண்ட் போனால் தானாக ஏறும் ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா என்று முதலே கேளுங்கள். வெட்டு நொதியங்களும் பொலிமரேசும் இரண்டு மூன்று முறை உருகி உறைந்தால் பிறகு எந்தப் படி தவறியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பிறகு அனுமதி. மரபணு மாற்றிய மதுவம் வளர்க்கப் போகிறீர்கள். உங்கள் நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் எழுத்து அனுமதி கையில் வந்த பிறகுதான் பிரைமருக்கு (பீசீஆருக்கான குறுகிய டீஎன்ஏ துண்டுக்கு) ஓடர் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நாள் எடுக்கும் என்பதால் பலர் மாற்றிச் செய்கிறார்கள்.

1. எந்தப் பீஎச், எவ்வளவு நேரம், என்ன வெப்பநிலை என்று எழுதுங்கள்

"அமிலத்தில் நன்றாக வேலை செய்ய வேண்டும்" என்பது இலக்கு அல்ல. எண் வேண்டும்.

கோழியில் தீனி முதலில் தீன்பையில் தங்கும், அங்கே பீஎச் 5ஐ ஒட்டியிருக்கும். அடுத்து சுரப்பி இரைப்பையும் அரைப்பையும், அங்கே 2 முதல் 4 வரை. சிறுகுடலில் 6க்கு மேல் ஏறிவிடும். உடல் வெப்பநிலை 41 பாகை செல்சியசை ஒட்டியது. இரைப்பையில் புரதத்தை வெட்டும் பெப்சினும் இருக்கிறது, அது உங்கள் நொதியத்தையும் புரதமாகத்தான் பார்க்கும்.

இப்போது நைஜர் பைற்றேசைப் பாருங்கள். அதற்கு இரண்டு உச்சங்கள்: ஒன்று 2.5இல், மற்றது 5.0 முதல் 5.5 வரை. நடுவில், 3க்கும் 4க்கும் இடையில், ஒரு பள்ளம். அரைப்பையின் பீஎச் அடிக்கடி விழுவதும் அந்தப் பள்ளத்தில்தான். ஆகவே நம் இலக்கு உச்சத்தை நகர்த்துவது அல்ல, பள்ளத்தை நிரப்புவது. இந்த இரண்டும் வேறு வேறு வடிவமைப்பு வேலைகள். இலக்கை எண்ணாக எழுதாதவருக்கு இந்த வேறுபாடு கடைசிவரை தெரியாது.

கடையில் வாங்கும் பைற்றேஸ் பையில் எஃப்டியு என்று ஓர் அளவு போட்டிருக்கும். ஓர் எஃப்டியு என்றால், பீஎச் 5.5இல், 37 பாகையில், 5.1 மில்லிமூலர் சோடியம் பைற்றேற்றிலிருந்து நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமூல் பொசுபேற்றை விடுவிக்கும் அளவு. அதாவது அந்த எண் 5.5இல் மட்டும் உண்மை. பீஎச் 3.5 பற்றி அது எதுவும் சொல்லாது. இரண்டு தயாரிப்புகளை எஃப்டியு வைத்து மட்டும் ஒப்பிடுவது புதியவர்கள் மட்டுமல்ல, தீனி விற்பவர்களும் செய்யும் பிழை.

2. மாற்றாத நொதியத்தை முதலில் செய்து எடுங்கள்

விகாரம் எதையும் தொட முன் மூல நொதியத்தை நீங்கள் விகாரங்களைச் செய்யப்போகும் அதே உயிரியில், அதே முறையில் செய்ய வேண்டும். கடையில் வாங்கிய நொதியத்தை மூலம் என்று வைத்து ஒப்பிடக்கூடாது. சர்க்கரைப் பூச்சு வேறு, சேர்மானங்கள் வேறு, ஒப்பீடு பிழைத்துவிடும்.

ஈ. கோலை பற்றீரியாவில் இதைச் செய்யப் பார்ப்பது வழக்கமான முதல் சறுக்கல். அது மலிவு, வேகம், எல்லாம் சரி. ஆனால் இந்தப் பைற்றேசில் ஐந்து டைசல்பைட்டுப் பாலங்கள் உண்டு, மேலே சர்க்கரைத் தொடர்களும் உண்டு. பற்றீரியாவின் உள்ளே அது ஒழுங்காக மடியாமல் கட்டியாகத் திரண்டுவிடும். பிக்கியா பஸ்தோரிஸ் என்ற மதுவம் நல்ல தெரிவு. அது மடித்துச் சர்க்கரை பூசி வெளியே சுரந்தும் தரும், அதோடு தானாகச் சுரக்கும் வேறு புரதங்கள் குறைவு என்பதால் சுத்திகரிப்பு இலகு.

வழக்கமான அமைப்பு இதுதான்: மெதனோலால் தூண்டப்படும் ஏஓஎக்ஸ்1 புரோமோட்டர் (பரம்பரையலகை இயக்கும் பகுதி), அதற்குப் பின் அல்பா பாக்டர் சுரப்புக் குறி, அதற்குப் பின் பங்கசின் சொந்தச் சுரப்புக் குறியை வெட்டி நீக்கிய பைற்றேஸ் பரம்பரையலகு. இவற்றைச் சுமக்கும் வட்ட டீஎன்ஏயான பிளாஸ்மிட்டை நேர்கோடாக வெட்டி மதுவத்துக்குள் செலுத்தி, சியோசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி உள்ள தட்டில், அதைத் தாங்கி வளரும் குடிகளை (கலத் திரள்களை) தெரிவு செய்கிறோம். மின்துளைப்புக் கருவி இல்லாவிட்டால் லித்தியம் குளோரைட்டு முறை உண்டு, குடிகள் குறைவாக வரும், நமக்கு அது போதும். சியோசின் அமிலத்திலும் உப்பு கூடிய ஊடகத்திலும் வலுவிழக்கும். தட்டின் பீஎச்சை 7.5இல் வைக்காவிட்டால் எல்லாக் குடியும் வளர்ந்து உங்களை மகிழ்விக்கும், ஒன்றிலும் பரம்பரையலகு இருக்காது.

தூண்டும்போது வெப்பநிலை 28 முதல் 30 பாகை. 32க்கு மேல் போனால் புரத உற்பத்தி விழும், கலங்களும் இறக்கும். இங்கே ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 35ஐ ஒட்டி நிற்கும். சூடாக்க மட்டும் தெரிந்த இன்கியுபேற்றர் அறையை விடக் குளிராக முடியாது, திரையில் 30 என்று நீங்கள் அழுத்தினாலும் உள்ளே 35தான். குளிரூட்டும் ஷேக்கர் இல்லையென்றால் அறைக்கு ஏசி வேண்டும், அல்லது தூண்டல் வேலையை மார்கழி, தைக்குத் தள்ளி வையுங்கள். மெதனோலை நாளுக்கு 0.5 வீதம் என்ற கணக்கில் சேர்க்கிறோம். சூட்டில் அது ஆவியாகியும் போகும் என்பதால் நேரம் தவறக்கூடாது.

வெறும் பிளாஸ்மிட் செலுத்திய மதுவம் ஒன்றையும் பக்கத்தில் வளருங்கள். மதுவத்துக்கும் சொந்தமாக அமிலப் பொசுபற்றேஸ் உண்டு. அது எவ்வளவு பொசுபேற்றை விடுவிக்கிறது என்று தெரியாமல் உங்கள் நொதியத்துக்குக் கணக்குப் போட முடியாது.

அப்புறம், பைற்றேஸ் செய்பவர்களுக்கு மட்டும் உரிய ஒரு பொறி. பிக்கியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் தாங்கல் ஊடகத்தில் 100 மில்லிமூலர் பொட்டாசியம் பொசுபேற்று இருக்கிறது. நாம் அளக்கப்போவதும் பொசுபேற்றைத்தான், அது இருந்தால் நீலமாகும் நிறத்தாக்கம் ஒன்றால். வளர்ப்பூடகத்தை அப்படியே எடுத்து அளந்தால் எல்லாக் குழாயும் நீலமாகும், வெறும் மதுவத்தின் குழாயும்கூட. போதாததற்குப் பொசுபேற்று இந்த நொதியத்தை நிரோதிக்கவும் செய்யும். ஆகவே சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் கூழ்ப்பிரிப்புப் பையில் போட்டு, குளிரில், 20 மில்லிமூலர் அசற்றேற்றுக் கரைசலை (பீஎச் 5.0) பலமுறை மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். பைற்றேற்றுச் சேர்க்காமல் நிறத்தாக்கத்தைச் செய்து பார்த்து, நிறம் வராத வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. தாங்கற் கரைசல்களையும் அளவீட்டையும் ஒழுங்குபடுத்துங்கள்

இந்தப் படியில் சலிப்பு வரும். பிழைகளில் பாதிக்கு மேல் பிறப்பதும் இங்கேதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு தாங்கற் கரைசல் அதன் பீகேஏக்கு (அமிலத்தில் பாதி புரோத்தனை இழந்திருக்கும் பீஎச்சுக்கு) மேலும் கீழும் ஒரு அலகு வரைதான் ஒழுங்காகத் தாங்கும். பீஎச் 2 முதல் 7 வரை போக ஒன்று போதாது. கிளைசீன்-ஐதரோகுளோரிக் அமிலம் 2.0 முதல் 3.2 வரை, போமேற்று 3.0 முதல் 4.4 வரை, அசற்றேற்று 4.0 முதல் 5.6 வரை, எம்ஈஎஸ் 5.4 முதல் 6.8 வரை. பலர் கிளைசீனிலிருந்து நேரே அசற்றேற்றுக்குத் தாவுவார்கள். அவை சந்திக்கும் 3.6இல் இரண்டுமே பலவீனம், நாம் தேடும் பள்ளமும் அங்கேயே இருக்கிறது. போமேற்றை நடுவில் வைப்பது அதற்காக.

கரைசல் மாறும் இடங்களில் ஒரே பீஎச்சை இரண்டு கரைசலிலும் அளவிடுங்கள்: 3.0, 4.2, 5.5. இரண்டு புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்று விழாவிட்டால் நீங்கள் பார்ப்பது பீஎச்சின் விளைவு அல்ல, கரைசலின் விளைவு. வரைபில் திடீர்ப் படிக்கட்டு தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியதும் இதைத்தான்.

எல்லாக் கரைசல்களிலும் அயன் வலிமையைச் சோடியம் குளோரைட்டால் சமப்படுத்துங்கள். பைற்றேற்று ஆறு பொசுபேற்றுக் கூட்டங்களைச் சுமக்கும் மூலக்கூறு, மறையேற்றம் மிக அதிகம். நொதியத்தில் பைற்றேற்று அமரும் குழியில் லைசினும் ஆர்ஜினினும் நேரேற்றத்தோடு காத்திருக்கின்றன. நடுவில் உப்பு கூடினால் இந்த ஈர்ப்பு மங்கும். உப்பு அளவு மாறியதால் வந்த மாற்றத்தைப் பீஎச்சின் தலையில் கட்டிவிடக்கூடாது.

பீஎச்சை, தாக்கம் நடக்கும் வெப்பநிலையிலேயே சரிசெய்யுங்கள். அசற்றேற்றில் வேறுபாடு சிறிது. காரப் பக்கம் போய் திரிஸ் கரைசல் பயன்படுத்துபவர்களுக்கு இது பெரிய விஷயம்: பாகைக்கு ஏறக்குறைய 0.03 அலகு இறங்கும், 25இல் சரிசெய்து 37இல் பயன்படுத்தினால் மூன்றில் ஒரு அலகு போய்விடும். கீழ்ப்படையைச் சேர்த்த பிறகும் ஒருமுறை அளந்து பாருங்கள். சோடியம் பைற்றேற்றுக் கரைசல் தானே காரத்தன்மை உள்ளது. அதைத் தனியே சரிசெய்யாமல் ஊற்றினால் பீஎச் 2.5 என்று பெயர் எழுதிய குழாயில் 3 இருக்கும்.

சித்திரேற்றைத் தவிர்ப்பது நல்லது. அது மொலிப்தேற்றைப் பிடித்துக்கொண்டு நீல நிறத்தைக் குறைக்கும். பயன்படுத்தியே ஆகவேண்டுமென்றால் பொசுபேற்று நியம வளைகோட்டையும் அதே சித்திரேற்றுக் கரைசலில் வரையுங்கள்.

அளவீடு இப்படி: நொதியம், பைற்றேற்று, கரைசல் மூன்றையும் 37 பாகையில் வைத்து, குறித்த நேரத்தில் முக்குளோரோ அசற்றிக் அமிலத்தால் நிறுத்தி, மொலிப்தேற்றும் அஸ்கோபிக் அமிலமும் சேர்த்து 820 நனோமீற்றரில் வாசிக்கிறோம். ஒவ்வொரு பீஎச்சுக்கும் தனி வெற்றுக்குழாய் வேண்டும். அதில் அமிலத்தை முதலில் ஊற்றி, நொதியத்தைப் பிறகு சேர்க்க வேண்டும். வாங்கும் பைற்றேற்றிலேயே கொஞ்சம் விடுபட்ட பொசுபேற்று இருக்கும், அதைக் கழிக்க வேறு வழியில்லை.

ஒரே நேரப் புள்ளியை வைத்து வேகம் கணிக்காதீர்கள். 0, 5, 10, 15 நிமிடங்களில் எடுத்து நேர்கோடு வருகிறதா என்று பாருங்கள். வளைந்தால் நொதியத்தை ஐதாக்குங்கள். நொதியம் கூடிய குழாயில் நல்ல பீஎச்சில் கீழ்ப்படை சீக்கிரம் தீர்ந்து வேகம் குறைவாகத் தெரியும், மோசமான பீஎச்சில் தீராது. முடிவில் வரைபு தட்டையாகி, "பரந்த பீஎச் எல்லை" என்று ஒரு பொய்யான நல்ல செய்தி கிடைக்கும்.

4. செயற்பாட்டையும் உறுதியையும் பிரித்து அளவிடுங்கள்

ஒரு பீஎச்சில் நொதியம் மந்தமாக இருப்பதற்கு இரண்டு வேறு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, உயிர்ப்பு மையத்தில் (தாக்கம் நடக்கும் இடத்தில்) உள்ள கூட்டங்களுக்குச் சரியான ஏற்றம் இல்லை. பீஎச்சைத் திருப்பினால் வேலை திரும்பும். மற்றது, புரதம் அவிழ்ந்துபோகிறது. திருப்பினாலும் திரும்பாது. முதலாவதுக்கு மையத்தின் அருகில் மாற்றம் வேண்டும், இரண்டாவதுக்கு மையத்தைத் தொடவே தேவையில்லை, மேற்பரப்பையும் பாலங்களையும் பார்க்க வேண்டும்.

பிரிப்பது எளிது. நொதியத்தைக் கீழ்ப்படை இல்லாமல் ஒவ்வொரு பீஎச்சிலும் ஒரு மணி நேரம் 37 பாகையில் வையுங்கள். பிறகு இருபது மடங்காவது ஐதாக்கி, எல்லாவற்றையும் பீஎச் 5.5இலேயே அளவிடுங்கள். இதுதான் உறுதி வரைபு. மூன்றாம் படியில் செய்தது செயற்பாட்டு வரைபு. இரண்டையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள்.

ஐதாக்கல் போதாமல் இருப்பது இங்கே வழக்கமான பிழை. அமிலக் கரைசல் அதிகம் கூட வந்தால் அளவீட்டின் பீஎச் 5.5 ஆக இருக்காது. ஒரு குழாயிலாவது மானியை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

5. எங்கே மாற்றுவது

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம்.

புரதத் தரவு வங்கி என்ற இணையத் தரவுத்தளத்தில் இந்தக் குடும்பத்துப் பைற்றேசின் முப்பரிமாண அமைப்பு 1ஐஎச்பி என்ற குறியீட்டில் இலவசமாக இருக்கிறது. உங்கள் நொதியத்துக்கு அமைப்பு இல்லாவிட்டால் அல்பாபோல்ட் தரவுத்தளத்தில் கணினி கணித்த மாதிரி இருக்கும். பைமோல் அல்லது சிமெராஎக்ஸ் என்ற அமைப்புக் காட்டும் மென்பொருளில் திறந்து, வினையில் நேரடியாகப் பங்கெடுக்கும் எச்சங்களை (புரதச் சங்கிலியில் உள்ள அமினோ அமிலங்களை) முதலில் குறியுங்கள். பைற்றேசில் ஒரு ஹிஸ்டிடீன் பொசுபேற்றைப் பிடிக்கிறது, ஓர் அஸ்பாட்டிக் அமிலம் புரோத்தனைக் கொடுக்கிறது. இவற்றைத் தொடக்கூடாது. தொட்டால் பீஎச் மாறாது, நொதியமே நின்றுவிடும்.

தொட வேண்டியது அயலவர்களை. ஒரு கூட்டம் எந்தப் பீஎச்சில் புரோத்தனை விடும் என்பது அதைச் சுற்றியுள்ள ஏற்றத்தைப் பொறுத்தது. பக்கத்தில் மறையேற்றம் வந்தால் அமிலக் கூட்டத்தின் பீகேஏ ஏறும், நேரேற்றம் வந்தால் இறங்கும். தனியாகக் கரைசலில் அஸ்பாட்டிக் அமிலத்துக்கு ஏறக்குறைய 4, ஹிஸ்டிடீனுக்கு 6 முதல் 6.5 வரை. புரதத்தின் உள்ளே இந்த எண்கள் இரண்டு மூன்று அலகுகள்கூட நகரலாம். புரோப்கா என்ற இலவச மென்பொருள் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பீகேஏயை மதிப்பிட்டுத் தரும். அதன் எண்ணை அப்படியே நம்பாமல், ஏறுகிறதா இறங்குகிறதா என்ற திசைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

இதற்குத் தெளிவான சான்று சைலனேசில் இருக்கிறது. பதினோராம் குடும்பத்துச் சைலனேஸ்களில் புரோத்தன் கொடுக்கும் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பக்கத்தில் ஓர் எச்சம் உண்டு. அமிலத்தில் வேலை செய்பவற்றில் அது அஸ்பாட்டிக் அமிலம், நடுநிலைக்குக் கிட்ட வேலை செய்பவற்றில் அஸ்பரஜீன். அசுபெர்ஜிலஸ் கவாச்சியின் சைலனேசுக்கு உச்சம் பீஎச் 2. அதன் 37ஆம் இடத்து அஸ்பாட்டிக் அமிலத்தை அஸ்பரஜீனாக மாற்றியபோது உச்சம் 5க்கு ஏறியது. ஒரே ஒரு எச்சம். ஆனால் அதனுடைய உச்சச் செயற்பாடும் கணிசமாகக் குறைந்தது. இதை ஏழாம் படிக்காக நினைவில் வைத்திருங்கள்.

பைற்றேசில் பார்க்க வேண்டியது பைற்றேற்று அமரும் குழியின் விளிம்பு. இங்கே கீழ்ப்படையின் ஏற்றமும் பீஎச்சோடு மாறுகிறது, நொதியத்தை மட்டும் பார்த்தால் போதாது. நைஜர் பைற்றேசின் 300ஆம் இடத்து லைசின் இந்த விளிம்பில் இருக்கிறது. 2002இல் வெளிவந்த வேலையில் அதைக் குளுட்டாமிக் அமிலமாக மாற்றியபோது பீஎச் 4.0இல் செயற்பாடு தெளிவாகக் கூடியது. நம் பள்ளத்துக்கு நேரே பொருந்துவதால் முதல் விகாரமாக இதையே செய்யச் சொல்வேன். வெளிவந்த முடிவு ஒன்று உங்கள் கையில் திரும்ப வந்தால், உங்கள் அளவீடு சரி என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அடுத்த வேட்பாளர்களுக்கு உறவு நொதியங்களின் வரிசைகளை அடுக்கிப் பாருங்கள். அசுபெர்ஜிலஸ் பியூமிகேற்றஸ் பைற்றேசின் பீஎச் எல்லை பரந்தது. உயிர்ப்பு மையத்திலிருந்து 10 அங்ஸ்ட்ரோமுக்குள் இரண்டும் வேறுபடும் இடங்களே உங்கள் பட்டியல். ஐந்து ஆறு போதும். முப்பது எழுதிக்கொண்டு வருபவர்களிடம் அவற்றுள் எதை முதலில் செய்வீர்கள், ஏன் என்று கேட்பேன். பதில் வராது.

எண்ணிடலில் கவனம். சில கட்டுரைகள் சுரப்புக் குறியையும் சேர்த்து எண்ணும், சில முதிர்ந்த புரதத்திலிருந்து எண்ணும். இரண்டு எச்சமாவது முன்னும் பின்னும் சேர்த்து வரிசையைப் பார்த்து, சொன்ன இடத்தில் சொன்ன அமினோ அமிலம்தான் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே பிரைமரை எழுதுங்கள். தவறான இடத்தில் செய்த அழகான விகாரங்கள் பலரின் பெட்டியில் உறைந்து கிடக்கின்றன.

6. விகாரத்தைச் செய்தல்

இது இப்போது வழக்கமான வேலை. மாற்றம் நடுவில் வரும் 30 முதல் 40 எழுத்துள்ள இரு பிரைமர்கள், முழுப் பிளாஸ்மிட்டையும் சுற்றிவரும் பீசீஆர், பிறகு டீபீஎன்ஐ வெட்டு நொதியம். அது மெதைல் குறி உள்ள பழைய பிளாஸ்மிட்டை மட்டும் வெட்டும். ஆகவே மூலப் பிளாஸ்மிட் மெதைல் குறி இடும் ஈ. கோலை வகையிலிருந்து வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தட்டு நிறையப் பழையதே முளைக்கும்.

ஒரு விகாரம், ஒரு பிளாஸ்மிட். இரண்டை ஒன்றாகச் செய்து நேரம் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், எது எதைச் செய்தது என்று பிறகு தெரியாது. பரம்பரையலகு முழுவதையும் வரிசை வாசிக்க அனுப்புங்கள், மாற்றிய இடத்தை மட்டுமல்ல. பொலிமரேஸ் வேறிடத்தில் ஒரு பிழை விட்டிருந்தால் அதுவும் பீஎச்சை மாற்றலாம்.

7. மூலத்தோடு ஒப்பிடுதல்

மூலத்தையும் விகாரத்தையும் ஒரே நாளில் தூண்டி, ஒரே நாளில் கழுவி, ஒரே கரைசல்களில் அளவிடுங்கள்.

இங்கே எனக்குப் பிடிக்காத ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான வரைபுகளில் ஒவ்வொரு நொதியத்தின் உச்சத்தையும் 100 வீதம் என்று வைத்து வரைகிறார்கள். அப்படி வரைந்தால், உச்சம் சரிந்த விகாரம் ஒன்று பீஎச் 3.5இல் "மேம்பட்டதாக" தெரியும். மூலம் 5.5இல் 100 அலகும் 3.5இல் 30 அலகும் செய்கிறது என்று வையுங்கள். விகாரம் 5.5இல் 40, 3.5இல் 28. வீதத்தில் பார்த்தால் 30 வீதம் 70 வீதமாகியிருக்கிறது. உண்மையில் இரண்டு பீஎச்சிலும் நொதியம் மோசமாகிவிட்டது. கோழிக்கு வீதம் தெரியாது.

ஆகவே மில்லிகிராம் புரதத்துக்கு எத்தனை அலகு என்று தனிச் செயற்பாட்டை வரையுங்கள். அதற்குப் புரத அளவு சரியாக இருக்க வேண்டும். பிக்கியா பூசும் சர்க்கரையால் பைற்றேஸ் ஜெலில் பரந்த புகைபோலத் தெரியும், எவ்வளவு தூய்மை என்று சொல்வது கடினம். எண்டோ எச் நொதியத்தால் சர்க்கரையை நீக்கி ஓட்டினால் 50 கிலோடால்ரனை ஒட்டி ஒரே பட்டை வர வேண்டும்.

உச்சம் தெரிந்த பிறகு, இலக்குப் பீஎச்சிலும் 5.5இலும் கீழ்ப்படையின் செறிவை மாற்றி கேஎம்மையும் (அரைவேகத்துக்கு வேண்டிய கீழ்ப்படைச் செறிவு) கேகற்றையும் (நிறைவில் ஒரு நொதிய மூலக்கூறின் வேகம்) எடுங்கள். எஃப்டியு அளவீட்டின் 5.1 மில்லிமூலர் இந்த நொதியத்தின் கேஎம்மைவிட மிக அதிகம். அந்த நிறைவில் பிடிப்பு வலு குறைந்தது தெரியவே தெரியாது. ஏற்றத்தை மாற்றிய விகாரத்தில் முதலில் அடிபடக்கூடியது பிடிப்புத்தான்.

நான்காம் படியின் உறுதி வரைபை விகாரத்துக்கும் செய்யுங்கள். பெப்சினோடும் ஒருமுறை.

8. சேர்ப்பதா, எழுமாற்றாகத் தேடுவதா

தனித்தனியே நல்லவையான இரண்டு விகாரங்களைச் சேர்த்தால் பலன் கூடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரே கூட்டத்தின் பீகேஏயை இரண்டும் நகர்த்தினால் சில வேளை ஒன்றையொன்று அழிக்கும். ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் முழு வரைபு எடுங்கள்.

பட்டியல் தீர்ந்தும் பள்ளம் நிரம்பவில்லையென்றால் பிழைவிடும் பீசீஆர் செய்து ஆயிரக்கணக்கான குடிகளை வடிகட்டலாம். மங்கனீசு சேர்த்து, பரம்பரையலகுக்கு ஒன்று முதல் மூன்று மாற்றம் என்ற அளவில். ஆனால் வடிகட்டல் இலக்குப் பீஎச்சில்தான் நடக்க வேண்டும். 5.5இல் தேடினால் 5.5க்கு நல்லதுதான் கிடைக்கும்.

கல்சியம் பைற்றேற்றுத் தட்டில் குடியைச் சுற்றித் தெளிந்த வட்டம் வந்தால் பைற்றேஸ் என்று எழுதிவிடாதீர்கள். கலங்கள் சுரக்கும் அமிலமும் கல்சியம் பைற்றேற்றைக் கரைக்கும். தட்டைக் கோபாற்றுக் குளோரைட்டுக் கரைசலால் நனைத்துப் பிறகு அமோனியம் மொலிப்தேற்று-வனடேற்றுக் கரைசல் ஊற்றினால், அமிலத்தால் வந்த வட்டம் மறுபடி மங்கும், நொதியத்தால் வந்தது தெளிவாக நிற்கும். அதைவிட நல்லது குழித்தட்டில் பீஎச் 3.5, 5.5 இரண்டிலும் அளந்து, இரண்டு எண்களையும் தனித்தனியே பார்ப்பது.

9. தவிட்டில் சோதியுங்கள்

சோடியம் பைற்றேற்று கரைந்திருப்பது. தவிட்டில் பைற்றேற்று நார், புரதம், மக்னீசியம், பொட்டாசியத்தோடு சேர்ந்து இறுகிக் கிடக்கிறது. அங்கே வேலை செய்யாத நொதியத்துக்கு நல்ல வரைபு இருந்து பயனில்லை.

ஆலையில் அன்று இடித்த தவிட்டையே எடுங்கள். வைத்திருந்த தவிடு காறும், கொழுப்பமிலம் விடுபட்டுப் பீஎச் இறங்கும். பச்சையரிசித் தவிட்டில் இது வேகம், புழுங்கலில் அவிக்கும்போதே லைப்பேஸ் அழிந்துவிடுவதால் மெதுவாக நடக்கும். எது என்று குறித்து வையுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம்.

தவிட்டை நீரில் குழைத்து 41 பாகையில் மூன்று கட்டமாகக் கொண்டு போங்கள்: பீஎச் 5இல் அரை மணி நேரம், பெப்சினோடு பீஎச் 3க்கு இறக்கி முக்கால் மணி நேரம், கணைய நொதியங்களோடு 6.5க்கு ஏற்றி இரண்டு மணி நேரம். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் பொசுபேற்றை அளவிடுங்கள். நொதியம் சேர்க்காத தவிடு ஒன்றும் பக்கத்தில் போக வேண்டும். தவிடே ஒரு தாங்கல் பொருள்போல நடக்கும் என்பதால், அமிலம் சேர்த்துச் சில நிமிடம் கழித்துப் பீஎச்சை மறுபடி பாருங்கள், ஏறியிருக்கும்.

முட்டைக் கோழித் தீனிக்கு என்றால் சுண்ணாம்புக் கல் தூளைச் சேர்த்து மறுபடியும் செய்ய வேண்டும். அந்தத் தீனியில் கல்சியம் 3.5 முதல் 4 வீதம் வரை இருக்கும். சுண்ணாம்பு இரைப்பையின் அமிலத்தைத் தின்று பீஎச்சை உயர்த்தும், கல்சியம் பைற்றேற்றையும் இறுக்கும். இறைச்சிக் கோழித் தீனிக்கு 3.5ஐ இலக்காக வைத்துச் செய்த விகாரம் இங்கே பலன் காட்டாமல் போகலாம். அப்படியானால் முதலாம் படிக்குப் போய் வேறு எண்ணை எழுத வேண்டியதுதான்.

தீனியை ஆவியில் அழுத்திக் குறுணியாக்கும் ஆலைக்குக் கொடுப்பதென்றால் 80 பாகையில் சில நிமிடம் தாங்குமா என்றும் பாருங்கள். வீட்டில் குழைத்துப் போடும் தீனிக்கு இந்தச் சோதனை வேண்டாம்.